மானை அறுக்க எந்தக் கத்தி வாங்கலாம்

இம்பாலா மானின் வயிற்றைத் திறந்து குடலைத் தளர்த்திய பிறகு ஒரு கட்டம் வரும். கையை முழங்கை வரை விலாக்கூட்டுக்குள் விட்டு, மூச்சுக்குழாயை எவ்வளவு முன்னால் எட்டுமோ அவ்வளவு முன்னால் அறுக்க வேண்டும். அந்த நேரத்தில் கத்தி கண்ணுக்குத் தெரியாது. உள்ளே எல்லாம் சூடாக, வழவழவென்று இருக்கும், இன்னொரு கையும் அதே இருட்டுக்குள்தான் இருக்கும், கத்தியின் முனை எங்கே நிற்கிறது, வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை விரல்தான் சொல்ல வேண்டும். கத்தி வாங்கக் கடைக்குப் போகும்போது இந்த அரை நிமிடத்தை மட்டும் நினைத்துக்கொண்டு போங்கள். எவ்வளவு நீளம், எப்படிப்பட்ட முனை, எந்தப் பிடி என்ற கேள்விகள் பெரும்பாலும் இங்கேயே தீர்ந்துவிடும்.

நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்தவன். குளிர்காலம் வந்தால், மே முதல் ஆகஸ்ட் வரைக்குள் இரண்டு மூன்று தடவை, வடக்கு குவாசூலு-நட்டால் பக்கம் பண்ணைகளுக்கு வேட்டைக்குப் போகிறேன். ஆனால் கத்தி பிடிக்கக் கற்றது வேட்டையில் இல்லை. ஆடி மாதம் கூழ் ஊற்றும் பூசை முடிந்ததும் வீட்டுப் பின்புறத்தில் ஆட்டைத் தொங்கவிட்டுத் தோல் உரிப்பது எங்கள் மாமா. அவர் பக்கத்தில் தண்ணீர் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது பார்த்ததுதான் எனக்கு முதல் பாடம். ஆட்டை நன்றாக உரிக்கத் தெரிந்த வீட்டுக்கு இம்பாலா புதிதல்ல, வளர்ந்த ஆண் இம்பாலா சுமார் 60 கிலோ இருக்கும், உடலமைப்பு ஏறக்குறைய ஆடுதான். வித்தியாசம் என்னவென்றால் ஆடு வீட்டில் தண்ணீரும் வெளிச்சமும் இருக்கிற இடத்தில் அறுபடுகிறது, மான் முள்ளுக்கும் மணலுக்கும் நடுவே, வாகனம் எட்டாத ஓடைச் சரிவில், சூரியன் இறங்குகிற நேரத்தில் விழுகிறது.

முதலில் நீளம். நம் வீடுகளில் பெரிய கத்தி மேல் ஒரு மரியாதை உண்டு. 1860-ல் இந்தியாவிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கியவர்களில் தொடங்கி தலைமுறை தலைமுறையாகக் கரும்புத் தோட்டத்தில் உழைத்த குடும்பங்கள் நாம், கரும்புக் கத்தியைப் பார்த்து வளர்ந்த கண் தானாகவே நீளமானதைத்தான் தேடும். நானும் அப்படித்தான் முதல் வேட்டைக்கு 18 சென்டிமீட்டர் அலகுள்ள, முதுகு தடித்த, பார்க்கவே கம்பீரமான ஒரு கத்தியை வாங்கிக்கொண்டு போனேன். போங்கோலா பக்கத்தில் ஒரு பண்ணையில் இம்பாலா விழுந்தது. தோலைக் கீறி வயிற்றுக்குள் இரண்டு விரலை விட்டு, விரல்களுக்கு நடுவே கத்தியை வைத்து மேல்நோக்கி அறுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும், மாமா சொல்லிக் கொடுத்திருந்தார். ஆனால் அந்தக் கத்தியின் முனை என் விரல் நுனியைத் தாண்டி இரண்டு அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது. இரைப்பை கிழிந்தது. பாதி செரித்த புல் பச்சைக் குழம்பாக உள்ளெல்லாம் ஊற்றியது, அந்தப் புளித்த நாற்றம் வீடு வந்து சேர்ந்த பிறகும் என் சட்டையில் இருந்தது. உள்பக்கத்து மெல்லிய சதை இரண்டும், வயிற்றோரச் சதையும், ஒரு தொடையின் உள்பகுதியும் வெட்டி எறிய வேண்டியதாயிற்று. ஒரு உயிரை எடுத்துவிட்டு அதன் நல்ல இறைச்சியை என் கத்தித் தேர்வால் வீணாக்கினேன் என்பது இன்றுவரை எனக்கு வலிக்கிற விஷயம். (அப்படி நேர்ந்தால் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், அழுக்கு எல்லா இடத்துக்கும் பரவும். அழுக்குப் பட்ட சதையைச் சுத்தமான கத்தியால் சீவி எடுத்துவிடுங்கள்.)

அதனால் வயிறு திறக்கும் கத்திக்கு அலகு 8 முதல் 10 சென்டிமீட்டர் போதும். சரியாகச் சொன்னால், பிடியைப் பிடித்துக்கொண்டு ஆள்காட்டி விரலை முதுகின் மேல் நீட்டினால் விரல் நுனி கத்தி முனைக்கு ஓரிரு சென்டிமீட்டர் பக்கத்தில் போக வேண்டும். அப்போதுதான் உள்ளே போகும்போது விரலால் முனையை மூடிக்கொண்டு போகலாம், வேண்டிய இடத்தில் மட்டும் திறந்து அறுக்கலாம். 200 கிலோவைத் தாண்டும் கூடூ என்ற பெரிய மானின் ஆணுக்கும் இதே நீளம்தான். மிருகம் பெரிதானால் கத்தியும் பெரிதாக வேண்டும் என்று நினைப்பது இயல்பு, ஆனால் தோலின் தடிப்பும் மூட்டின் அளவும்தான் கூடுகின்றன, நம் கை அதே கைதான்.

முதுகின் தடிப்பையும் பாருங்கள். 2.5 முதல் 3.5 மில்லிமீட்டர் நல்ல அளவு. காட்டில் உயிர் பிழைக்க என்று விற்கிற 5, 6 மில்லிமீட்டர் தடிப்புள்ள கத்திகள் விறகு பிளக்க நன்றாக இருக்கும், இறைச்சிக்குள் போகும்போது ஆப்பு மாதிரி சதையைத் தள்ளிக்கொண்டு போகும், அறுக்காது. நாம் கூடுதலாக அழுத்துவோம். அழுத்தி அறுக்கிற கைதான் நழுவும்.

முனைக்கு வருவோம். முதுகுப் பக்கம் மெதுவாகச் சரிந்து, முனை அலகின் நடுக்கோட்டுக்கு அருகில் வந்து முடிகிற வடிவத்தை இங்கே ட்ராப் பாயிண்ட் என்பார்கள். முதல் கத்தி வாங்குகிறவர் வேறெதையும் யோசிக்க வேண்டாம், இதையே வாங்கலாம். முனை தாழ்ந்திருப்பதால் தோலுக்கடியில் ஓட்டும்போது குடலைக் குத்தாது, வாய்ப்பக்கம் வயிறு போல வளைந்திருப்பதால் தோல் உரிக்கவும் உதவும். முதுகைக் குழிவாக வெட்டி முனையை ஊசியாக்கியிருக்கும் கிளிப் பாயிண்ட் கத்தி துளைக்க நல்லது, ஆனால் நமக்குத் துளைக்கவே கூடாத இடம் அது. ஸ்கின்னர் என்று விற்பது வாய் நன்றாக வளைந்து முனை மேல்நோக்கி நிற்கும் கத்தி. தோல் மட்டும் நாள் முழுக்க உரிப்பவருக்கு அது அருமை, ஆசனவாயைச் சுற்றி அறுத்து விடுவிக்கிற வேலைக்கு அது அகலம், அங்கே ஒடுக்கமான முனை வேண்டும்.

முதுகில் கொக்கி வைத்த கத்திகள் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். வயிற்றுத் தோலை ஜிப் இழுப்பது போலத் திறந்துவிடும், அது உண்மை. ஆனால் கொக்கிக்குள் ரோமமும் கொழுப்பும் அடைத்துக்கொள்ளும், மழுங்கினால் சாதாரணக் கல்லில் தீட்ட முடியாது, மெல்லிய உருண்டை அரம் வேண்டும். அதோடு முதுகில் விரலை வைத்து முனையை வழிநடத்துவதைப் பற்றித்தான் இவ்வளவு நேரம் சொன்னேன், அந்த இடத்தில் கொக்கி இருந்தால் விரலை எங்கே வைப்பது? வேண்டுமென்றால் கொக்கியைத் தனிக் கருவியாக வாங்கிக்கொள்ளுங்கள். அறுவைக் கத்தி போல அலகு மாற்றுகிற வகையும் இப்போது நிறைய வருகிறது. கூர்மைக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை, தலைத்தோலைப் பாடம் செய்யக் கொடுக்கிறவர்கள் கண், உதட்டைச் சுற்றி உரிக்க அதைத்தான் எடுக்கிறார்கள். விலாக்கூட்டுக்குள் மட்டும் கொண்டுபோக வேண்டாம். பக்கவாட்டில் திருகினால் அலகு முறியும், முறிந்த துண்டைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விரலால் தேட வேண்டிவரும்.

பிடி

என்னைக் கேட்டால் அலகைவிடப் பிடிக்கு அதிக நேரம் செலவழிக்க வேண்டும். கடையில் கத்தியை வாங்கிப் பார்க்கும்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். உள்ளங்கையில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, நிறுத்தி, வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று மனதுக்குள் சொல்லுங்கள், பிறகு திறந்து பாருங்கள். பிடி உருண்டையாக இருந்தால் தவறாகச் சொல்வீர்கள். முட்டை வடிவத்தில், கீழ்ப்பக்கம் சற்று ஒடுங்கி இருந்தால் கை தானாகவே சரியாகச் சொல்லும். விற்பவர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை, கடை வெளிச்சத்தில் தெரியாத குறை இப்படித்தான் தெரியும்.

அப்புறம் வழுக்கல். இரத்தம்கூட அவ்வளவு வழுக்காது, கொழுப்புத்தான் ஆபத்து, அதுவும் பண்டியைச் சுற்றியிருக்கும் வலைக்கொழுப்பு உடல் சூட்டோடு கையில் பட்டால் சோப்பு பூசியது போல் ஆகிவிடும். பளபளவென்று தேய்த்த மான்கொம்புப் பிடியும் ரெசின் ஊற்றிய பிடியும் அலமாரியில் வைத்து அழகு பார்க்கச் சரி. வேலைக்கு, சொரசொரப்பான ரப்பர் அல்லது ரப்பர் கலந்த பிளாஸ்டிக் பிடி வாங்குங்கள். அலகும் பிடியும் சேருமிடத்தில் விரல் முன்னால் ஓடிவிடாமல் தடுக்கிற ஒரு மேடு கட்டாயம் இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் கையில் ஒரு ஸ்பூன் சமையல் எண்ணெயைத் தடவிக்கொண்டு, கத்தியை உறையோடு இறுகப் பிடித்து, முனையை மரப்பலகையில் ஊன்றி அழுத்திப் பாருங்கள். கை உறைப் பக்கம் சறுக்கினால் அந்தக் கத்தியை சமையலறைக்கு விட்டுவிட்டு வேறு வாங்குங்கள்.

பிடியின் நீளமும் ஆளுக்கு ஆள் மாறும். உள்ளங்கையின் அகலத்தைவிட ஒரு சென்டிமீட்டராவது நீளமாக இருக்கட்டும். என் அக்கா மகள் போன வருடத்திலிருந்து எங்களோடு வருகிறாள், அவளுக்கு என் கத்தி தடிமன், பத்து நிமிடத்தில் விரல் வலித்துவிட்டது. சிறிய பிடியுள்ள கத்தி வாங்கிக் கொடுத்த பிறகு எங்களில் சுத்தமாகக் குடல் எடுப்பது அவள்தான். நிறத்தையும் சொல்லிவிடுகிறேன்: ஆரஞ்சு. பழுப்பும் பச்சையும் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் சூரியன் மறைகிற நேரத்தில் உயரமான காய்ந்த புல்லில் கீழே வைத்த பழுப்புக் கத்தியை முழங்காலால் தேடக் கூடாது.

மடக்குக் கத்தி வேண்டாமா என்றால், இந்த வேலைக்கு வேண்டாம். இந்த நாட்டில் ஒக்காப்பி கத்தி இல்லாத வீடு குறைவு. 1902-லிருந்து ஜெர்மனியில் அவர்களுடைய ஆப்பிரிக்கக் குடியேற்றங்களுக்காகச் செய்யப்பட்டது, பிறகு தயாரிப்பே தென்னாப்பிரிக்காவுக்கு வந்துவிட்டது, கரகரவென்று திறக்கும் அந்தச் சத்தம் எனக்கும் பிடிக்கும். கயிறு அறுக்க, ஆரஞ்சுப் பழம் உரிக்க நானும் வைத்திருக்கிறேன். ஆனால் எந்த மடக்குக் கத்தியாக இருந்தாலும் மூட்டுக்குள் இரத்தம், ரோமம், கொழுப்பு போய் உட்கார்ந்துகொள்ளும், வெளியே துடைத்தாலும் உள்ளே அழுகும். அதையே அடுத்த வாரம் சுத்தமான சதைக்குள் விடுவோம். மழுங்கியோ பூட்டு தேய்ந்தோ இருந்தால் உள்ளே வைத்து அழுத்தும்போது விரல் மேல் மடங்கும். நிலையான அலகு, பிடிக்குள் கடைசி வரை ஓடும் அலகின் காம்பு, இடுக்கு இல்லாத சேர்மானம், இது போதும்.

எஃகு

இதைப் பற்றி ஆண்கள் மணிக்கணக்காகப் பேசுவார்கள். நான் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்வீடன் கத்திகளில் வரும் 12சி27 என்ற துருப்பிடிக்காத எஃகு, அல்லது அதைப் போன்ற ஒன்று, முதல் கத்திக்கு மிகவும் நல்லது. காட்டிலேயே ஒரு சிறிய கல்லில் இரண்டு நிமிடத்தில் கூர் திரும்பும், விலையும் சில நூறு ராண்டுக்குள் முடியும், மோரா கத்திகளில் இதைப் பார்க்கலாம். நம் ஊர்க் கத்திக் கலைஞர்கள் அதிகம் எடுப்பது போலர் நிறுவனத்தின் என்690, ஆஸ்திரியா எஃகு. கடினத்தை அளக்கும் ராக்வெல் கணக்கில் 58 முதல் 60 வரை கடினமாக்குவார்கள். கூர் நீண்ட நேரம் நிற்கும், இரண்டு மூன்று இம்பாலாவைத் தாங்கும், ஆனால் மழுங்கிய பிறகு வைரத்தகடு இல்லாமல் தீட்டுவது சிரமம். கையால் செய்த கத்தி சில ஆயிரம் ராண்டு வரும். தென்னாப்பிரிக்காவில் கத்தி செய்யும் கை மிக நல்ல கை, இங்கிருந்து அமெரிக்கா போன கிறிஸ் ரீவின் பிரபலமான கத்திக்கு ‘செபென்ஸா’ என்று பெயர், சூலு மொழியில் வேலை என்று பொருள். காசு இருந்தால் இவர்களிடம் ஒன்று வாங்குங்கள், சந்தோஷமான செலவு. ஆனால் தீட்டத் தெரியாதவர் கையில் விலையுயர்ந்த எஃகு இரண்டாவது மானிலேயே மொட்டையாகிவிடும்.

கார்பன் எஃகு பிடித்தவர்கள் இருக்கிறார்கள். அருமையாகக் கூர் ஏறும், வேலை செய்யச் செய்ய நீலச் சாம்பல் படலம் படியும். உள்நாட்டில், வறண்ட குளிரில் இருப்பவர் தாராளமாக வாங்கலாம். டர்பன் கடற்கரைக் காற்றில் இருக்கும் நமக்கு அது கூடுதல் வேலை. உப்புக் காற்று, ஈரம், அதோடு இரத்தத்தில் உள்ள உப்பும் சேர்ந்தால், ராத்திரி துடைக்காமல் வைத்தால் காலையில் புள்ளி புள்ளியாகத் துரு.

உறை தோலில் வேண்டாம். பார்க்க அழகு, ஆனால் இரத்தத்தையும் ஈரத்தையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும், கழுவ முடியாது. கீழே தண்ணீர் வடிய ஓட்டையுள்ள பிளாஸ்டிக் உறை போதும். ஒரு கையால் செருகும்போது டக்கென்று பிடிக்க வேண்டும், தலைகீழாக உதறினால் விழக் கூடாது.

பாபா காட்டியது

அந்தப் போங்கோலா பண்ணையில் தோல் உரிக்கிற பெரியவர் ஒருவர் இருந்தார், எல்லோரும் மரியாதையாக பாபா என்று கூப்பிடுவார்கள். என் கம்பீரமான கத்தியைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவருடையது சாதாரணக் கசாப்புக் கத்தி, ஆண்டுக்கணக்காகத் தீட்டித் தீட்டி அலகு சுண்டுவிரல் அகலத்துக்குத் தேய்ந்திருந்தது. பின்கால்களில் தொங்கிய மானின் தோலில் கோடு மட்டும் போட்டார். அப்புறம் கத்தியை உறையில் வைத்துவிட்டு, முஷ்டியை மடக்கித் தோலுக்கும் சதைக்கும் நடுவே குத்திக் குத்தி இறக்கினார். தோல் ‘சர்ர்’ என்று ஈரத் துணி கிழிகிற சத்தத்தோடு கழன்று வந்தது. ஒட்டிக்கொள்கிற இடத்தில் மட்டும் கத்தி வெளியே வந்தது, இரண்டு தீற்றல், மறுபடி உறைக்குள் போனது. சதையில் ஒரு கீறல் இல்லை, தோலில் ஒரு ஓட்டை இல்லை.

அவர் செய்ததில் நான் அன்றே பிடித்துக்கொண்டது ஒன்று: முதல் துளைக்குப் பிறகு தோலை அவர் வெளியிலிருந்து அறுக்கவே இல்லை, எப்போதும் உள்ளேயிருந்து வெளியே. ரோமத்துக்குள் மணல் இருக்கும். வெளியிலிருந்து அறுத்தால் ஒவ்வொரு இழுப்பும் மணலில் இழுத்தது போலத்தான், வாய் உடனே போய்விடும், வெட்டுப்பட்ட ரோமமும் சதை மேல் கொட்டும். சேற்றில் புரண்டு காய்ந்த வார்த்தாக் பன்றியில் இது இரண்டு மடங்கு உண்மை, அதன் தோல் ஒன்றே போதும் ஒரு கத்தியை மொட்டையாக்க. இம்பாலாவில் இன்னொன்று கவனியுங்கள், பின்கால்களில் கணுவுக்கு மேலே கறுப்பு ரோமக் குஞ்சம் இருக்கும், அதன் கீழே வாசனைச் சுரப்பி. அதைத் தொட்ட கையும் கத்தியும் கழுவாமல் சதைக்குப் போகக் கூடாது.

இதனால்தான் குறைந்தது இரண்டு கத்தி வேண்டும் என்கிறேன், தோலுக்கும் குடலுக்கும் ஒன்று, சுத்தமான சதைக்கு ஒன்று. முறையான இறைச்சிக்கூடங்களில் ஒரு கத்தி வேலையில் இருக்கும்போது மற்றது 82 டிகிரி வெந்நீரில் நிற்கும், மாற்றி மாற்றி எடுப்பார்கள். நமக்கு அந்த வசதி இல்லாவிட்டாலும் ஃபிளாஸ்கில் கொதிநீர் கொண்டுபோகலாம்.

வீட்டு மேசைக்கு

இரண்டாவது கத்தி வாங்குவது சுலபம். கசாப்புக் கடைகளுக்குச் சாமான் விற்கிற இடத்துக்குப் போய், 15 சென்டிமீட்டர் நீளத்தில், ஒடுக்கமான, சற்று வளைந்த எலும்பு நீக்கும் கத்தி கேளுங்கள், பிளாஸ்டிக் பிடியோடு. விக்டரிநாக்ஸ் போன்றவை இந்தத் தொழிலுக்கென்றே செய்கின்றன. எஃகு ராக்வெல் கணக்கில் 55, 56 அளவில் கொஞ்சம் மென்மையாகத்தான் இருக்கும், அது குறையல்ல. தீட்டும் கம்பியில் நாலு இழுப்பு இழுத்தால் கூர் திரும்ப வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். வளைந்து கொடுக்கும் தன்மை நடுத்தரமாக இருக்கட்டும். மீன் கத்தி மாதிரி துவண்டால் கூடூ தொடையில் திசை தெரியாமல் போகும், கம்பி மாதிரி விறைத்திருந்தால் சதை மேலுள்ள வெள்ளிச் சவ்வைச் சீவும்போது பாதிச் சதையும் சேர்ந்து வரும். தொடையில் சதைக்கட்டுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் வரிகளை விரலால் தேடிப் பிரியுங்கள், கத்தி முனை பின்னால் வரட்டும். அங்கேயும் வழி காட்டுவது விரல்தான்.

பில்டாங் என்ற உப்புக்கண்டம் போடுகிறவர்களுக்கு மூன்றாவதாக ஒரு நீளக் கத்தி, 20 முதல் 25 சென்டிமீட்டர். நீளம் வேண்டும் என்று நான் சொல்கிற ஒரே இடம் இதுதான். இரண்டு சென்டிமீட்டர் தடிப்பில், சதையின் நார் ஓடும் திசையிலேயே, ஒரே இழுப்பில் பட்டை பட்டையாக வெட்ட வேண்டும். சின்னக் கத்தியால் அரம் போல இழுத்தால் பக்கமெல்லாம் படிக்கட்டாகும், மெல்லிய இடம் முதலில் காய்ந்து தடித்த இடம் ஈரமாகவே நிற்கும். வினிகர், உப்பு, மிளகு, வறுத்து உடைத்த கொத்தமல்லி, இதெல்லாம் நம் கைக்குப் பழக்கமான வாசனை, எங்கள் வீட்டில் கொஞ்சம் காய்ந்த மிளகாயும் போகும். புரட்டாசி வருவதற்குள் ஃப்ரீசரைக் காலி செய்யும் வீடு எங்களுடையது, அதனால் ஆகஸ்டிலேயே இந்தக் கத்திக்கு நிறைய வேலை இருக்கும்.

எலும்பை மட்டும் எந்தக் கத்தியாலும் வெட்டாதீர்கள். நம் வீடுகளில் கறிக்குழம்பு என்றால் எலும்போடுதான், அதனால் வெட்டுக்கத்தியால் மரக்கட்டையில் போட்டுப் போட்டு உடைப்பது பழக்கம். மான் எலும்பு கடினம், சில்லுச் சில்லாகத் தெறிக்கும், குழம்பில் குழந்தை வாயில் அகப்படும். எலும்பறுக்கும் சிறிய ரம்பம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், இடுப்பெலும்பைத் திறக்கவும் அதுவே உதவும். மூட்டுகளுக்கு ரம்பம்கூட வேண்டாம், காலை ஆட்டிக்கொண்டே முனையால் குழியைத் தேடினால் நரம்பு அறுந்து தானாகக் கழலும்.

தீட்டுவது

கத்தி வாங்குகிற காசில் கால் பங்கையாவது தீட்டும் சாமானுக்கு ஒதுக்குங்கள். ஒரு பக்கம் கரடாகவும் மறுபக்கம் வழவழப்பாகவும் உள்ள வைரத்தகடு ஒன்று, ஒரு பீங்கான் கம்பி ஒன்று, இரண்டும் பையில் இருந்தால் போதும். காட்டுக் கத்திக்குப் பக்கத்துக்கு 20 டிகிரி. டிகிரியை எப்படி அளப்பது என்று கேட்பீர்கள். அலகு 25 மில்லிமீட்டர் அகலம் என்றால், வாய் கல்லில் படும்போது முதுகு கல்லிலிருந்து 8, 9 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும், சுண்டுவிரல் தடிப்பை விடக் கொஞ்சம் குறைவு. வாயோரத்தில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள், மை முழுதாகப் போனால் கோணம் சரி, முதுகுப் பக்கம் மட்டும் போனால் முதுகை இன்னும் தூக்குங்கள். ஒரு பக்கம் தீட்டியபின் மறுபக்கத்தில் நகத்தால் தடவினால் மெல்லிய பிசிறு தட்டுப்படும். அது முனையிலிருந்து அடிவரை ஒரே சீராகத் தட்டுப்பட்ட பிறகுதான் பக்கம் மாற்ற வேண்டும். கடைசியில் கம்பியில் மிக லேசாக, கத்தியின் எடை மட்டும் படும்படி மாற்றி மாற்றி இழுத்தால் பிசிறு போய்விடும். பழுத்த தக்காளித் தோலில் அழுத்தாமல் வைத்து இழுங்கள், உள்ளே இறங்கினால் தயார்.

வேலை முடிந்ததும் முதலில் பச்சைத் தண்ணீர். வெந்நீர் ஊற்றினால் இரத்தம் வெந்து ஒட்டிக்கொள்ளும். அப்புறம் சோப்பும் சூடான தண்ணீரும், பிடி சேரும் இடத்தில் பழைய பல் துலக்கும் பிரஷ், உடனே துடைப்பு. ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு அலகில் பூசி, உறைக்கு வெளியே வையுங்கள். உறைக்குள் வைத்தே மாதக்கணக்கில் விட்டால் எந்த எஃகும் கறைபடும்.

கையுறை இல்லாமல் யாரும் இந்த வேலையில் இறங்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். உண்ணி மூலம் பரவும் கிரிமியன்-காங்கோ காய்ச்சல் இந்த நாட்டில் உண்டு, மிருகத்தின் இரத்தம் கையிலுள்ள சின்னக் கீறலில் பட்டாலும் தொற்றலாம். மெல்லிய நைட்ரைல் கையுறை இரண்டு ஜோடி, கத்தி பிடிக்காத கைக்கு வெட்டுத் தாங்கும் கையுறை ஒன்று. பிடியை எண்ணெய் தடவிச் சோதித்தீர்களே, கையுறை போட்டுக்கொண்டும் ஒரு தடவை சோதியுங்கள், சில பிடிகள் வெறும் கைக்கு நன்றாக இருந்து நைட்ரைலில் வழுக்கும்.

கத்தியை இடுப்பில் கட்டிக்கொண்டு ஊருக்குள் பெட்ரோல் பங்கில் இறங்காதீர்கள். 2013-ம் ஆண்டின் ஆபத்தான ஆயுதச் சட்டம் வேட்டை போன்ற சட்டபூர்வமான காரியங்களுக்கு இடம் கொடுக்கிறது, ஆனால் காரணம் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். பக்கி வண்டியின் பின்னால், வேட்டைச் சாமானோடு, உறைபோட்டுப் பெட்டிக்குள் வையுங்கள்.

கையில் காசு குறைவு என்றால் இப்படிச் செய்யுங்கள்: ஆரஞ்சுப் பிடியுள்ள, 10 சென்டிமீட்டருக்கு மேல் போகாத ஒரு ஸ்வீடன் கத்தி, ஒரு எலும்பு நீக்கும் கத்தி, ஒரு பீங்கான் கம்பி. மற்றது எல்லாம் அடுத்த வருடம். வாங்கியதும் பருவம் வரைக்கும் பெட்டியில் பூட்டிவைக்க வேண்டாம். கசாப்புக் கடையில் ஆட்டின் முன்தோளை எலும்போடு முழுசாக வாங்கி வந்து, கையுறை போட்டு, கையில் எண்ணெய் தடவி, சதைக்குள் விரலை விட்டுத் தோள்பட்டை எலும்பின் நடுமேட்டைத் தேடிக்கொண்டே பிரித்து எடுங்கள். எந்த இடத்தில் கை வலிக்கிறது, எந்த இடத்தில் முனை எங்கே என்று தெரியாமல் நிற்கிறீர்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்குக் குழம்பும் ஆயிற்று, கத்தி ஒத்துவரவில்லை என்றால் மாற்றிக்கொள்ள மே மாதம் வரை நேரமும் இருக்கிறது.